தூண் நீக்கிய திருப்பணி

மனித நாகரிகம் மூன்று பாய்ச்சல்களில் முன்னேறியது என்பது என் துணிபு. முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தோம். பிறகு சக்கரத்தை. மூன்றாவதாக, ஓய்வூதியம் வாங்கும் ஆங்கிலேயன் ஒருவன் பிரான்சு தேசத்தில் பழைய வீடு ஒன்றை வாங்கி, கூலிக்கு ஒருவரையும் வைக்காமல், தன் கையாலேயே அதை இடிக்கக் கற்றுக்கொண்டான். இதற்குப் 'புதுப்பித்தல்' என்று பெயர். நெருப்பால் எத்தனையோ ஊர் எரிந்திருக்கிறது, சக்கரத்தில் எத்தனையோ பேர் அடிபட்டிருக்கிறார்கள். எங்கள் கண்டுபிடிப்பால் இதுவரை ஒரே ஒரு சில்லறைச் சம்பவம்தான் நடந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவைப்பது செயலாளர் என்ற முறையில் என் கடமை.

என் பெயர் நார்மன் பிக்கரிங். இங்கிலாந்தில் ஒரு மாவட்ட அலுவலகத்தின் கட்டடப் பாதுகாப்புப் பிரிவில் முப்பத்தோரு ஆண்டு வேலை பார்த்தவன். வீட்டில் ஒரு சுவரை எடுக்க வேண்டும் என்று யாராவது விண்ணப்பம் கொண்டுவந்தால், கணக்கு எங்கே, வரைபடம் எங்கே, முட்டுக் கொடுக்க என்ன ஏற்பாடு என்று கேட்டு நாலு முறை திருப்பி அனுப்புவேன். ஐந்தாம் முறையும் வந்தால் அவருக்கு விடாமுயற்சி இருக்கிறது என்று பாராட்டிவிட்டு நிராகரிப்பேன். சிவப்பு மை பிக்கரிங் என்றால் எங்கள் வட்டாரத்தில் கொத்தனார்கள் தொப்பியைக் கழற்றுவார்கள். ஓய்வு பெற்ற மறுமாதமே மூட்டை கட்டிக்கொண்டு பிரான்சுக்கு வந்துவிட்டேன். பின்னே, என்னைப் போல ஒருத்தன் உட்கார்ந்திருக்கிற ஊரில் மனிதன் நிம்மதியாக ஓர் ஆணி அடிக்க முடியுமா?

மொன்வெர்னே என்பது ஊரின் பெயர். எழுபது தலை, அதில் நாங்கள் பதினொன்று. எங்களைக் 'குடியேறிகள்' என்று நாங்கள் சொல்லிக்கொள்வதில்லை. அது ஏழைகளுக்கு உள்ள சொல். நாங்கள் 'இங்கே வீடு வைத்திருப்பவர்கள்'. எல்லோரும் சேர்ந்து 'சொந்தக் கை சங்கம்' தொடங்கினோம். முதல் விதி, உள்ளூர் கொத்தனாரைக் கூப்பிடக் கூடாது. அவர்கள் எட்டு மணிக்கு வருகிறார்கள், பன்னிரண்டுக்குச் சாப்பிடப் போகிறார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு வேலையைச் சொன்னால் ஏன் என்று கேட்கிறார்கள். இரண்டாம் விதி, ஆணி முதல் குழாய்வரை எல்லாம் இங்கிலாந்திலிருந்து வர வேண்டும். பிரெஞ்சுச் சுவரில் ஆங்கிலப் பிளக் பாயிண்ட் பதித்து, பிரெஞ்சு வயரை அதில் முறுக்கி இணைத்து, ஆங்கிலக் கெட்டிலைச் சொருகினால் தண்ணீர் கொதிக்கும். சில வீடுகளில் சுவரும் சேர்ந்து கொதிக்கும். அது போகப்போகச் சரியாகிவிடும்.

சங்கக் கூட்டம் வியாழன்தோறும் பதினோரு மணிக்கு ஒடில் அம்மையாரின் காஃபிக் கடையில். ஊரில் அது ஒன்றுதான் கடை. ரொட்டி அங்கேதான் வரும், கேஸ் சிலிண்டர் அங்கேதான், தபால் பார்சலும் அங்கேதான். சாலைப் பணியாளர்கள் பகலில் அங்கே உட்கார்ந்து உருளைக்கிழங்கு பூரணம் வைத்துச் சுட்ட பண்டம் சாப்பிடுவார்கள். ஒடிலுக்கு ஐம்பத்திரண்டு வயது. கணவர் இல்லை. கீழே கடை, மாடியில் குடித்தனம். அவருக்கு உலகத்தில் உள்ள சொத்து அந்தக் கட்டடம் மட்டும்தான். நாங்கள் பதினொரு பேரும் வீட்டிலிருந்தே தேயிலைப் பை கொண்டுபோய் அவரிடம் வெந்நீர் மட்டும் கேட்போம். முகம் சுளிக்காமல் தருவார். "இதுதான் அசல் பிரான்சு" என்று எங்கள் ஹிலரி ஒவ்வொரு வாரமும் சொல்வாள், கண் கலங்க.

இந்த ஹிலரியும் அவள் கணவன் கோலினும்தான் போன வசந்தத்தில் கடையை ஒட்டிய வீட்டை வாங்கினார்கள். பத்திரப் பதிவுக்கு மொழிபெயர்ப்பாளனாக நான் போயிருந்தேன். இந்த நாட்டு நோட்டரிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. நாற்பது பக்கப் பத்திரத்தை ஒரு வரி விடாமல் உரக்க வாசிப்பார்கள். இரண்டு மணி நேரம். நம் ஆட்கள் இரண்டு மணி நேரமும் புன்னகைத்துக்கொண்டிருப்பார்கள். பிறகு 'படித்தேன், ஏற்றேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள்.

இருபத்து மூன்றாம் பக்கத்தில் நோட்டரி கொஞ்சம் நிறுத்தி, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார். இரண்டு வீடும் ஒரு காலத்தில் ஒரே வீடாம். 1911இல் அண்ணன் தம்பி இருவரும் பாகம் பிரித்தபோது நடுவில் மரச்சட்டமும் களிமண்ணும் வைத்து ஒரு தடுப்பு எழுப்பினார்களாம். 'வலப்பக்க வீட்டின் உத்தரத்தைத் தாங்கும் ஓக் தூண் இடப்பக்க வீட்டுக்குள் நிற்பதால், அத்தூண் வலப்பக்க வீட்டுக்கே சொந்தம். இடப்பக்கத்தார் அதை எக்காலத்தும் தொடலாகாது.'

"என்ன சொல்றார் நார்மன்?" என்று ஹிலரி கிசுகிசுத்தாள்.

"அண்ணன் தம்பி பாகப்பிரிவினை. நூறு வருஷத்துக் கதை. ஏதோ ஒரு தூணைத் தொடக் கூடாதாம்."

"எவ்வளவு அழகா இருக்கு" என்று அவள் கைக்குட்டையை எடுத்தாள். கையெழுத்துப் போட்டார்கள்.

வீட்டுக்குள் போய்ப் பார்த்தால், மெய்யாகவே ஒரு தூண். கடைப் பக்கத் தடுப்புக்கு ஒரு முழம் இப்பால், கட்டிப்பிடித்தால் கை எட்டாத பருமன், கறுத்துப்போன ஓக். அது நின்ற இடத்தில்தான் வம்பு. ஹிலரிக்குத் திறந்த சமையலறை வேண்டும், அதன் நடுவில் ஒரு 'தீவு' வேண்டும். தீவு என்றால் தண்ணீர் சூழ்ந்தது அல்ல. சமையலறை நடுவே தனியாக நிற்கும் மேடை. காய் நறுக்கலாம், சுற்றி உட்காரலாம், நறுக்காமல் உட்கார்ந்து பேசிக்கொண்டும் இருக்கலாம். நாங்கள் தீவில் பிறந்தவர்கள். எங்கே போனாலும் நடுவில் ஒரு தீவு இல்லாமல் எங்களுக்குச் சோறு இறங்காது. அளந்து பார்த்தார்கள். தூணை விட்டுவைத்தால் தீவில் நாலு பேர்தான் உட்காரலாம். எடுத்தால் ஆறு பேர்.

வியாழக்கிழமை கூட்டத்தில் மூன்றாவது பொருளாக இதை எடுத்துக்கொண்டோம். வெந்நீர்க் கூஜாவோடு வந்த ஒடில் 'தூண்' என்ற சொல்லைக் கேட்டதும் நின்றார். எட்டு வருஷமாக எங்களுக்கு வெந்நீர் ஊற்றியதில் அவருக்கு அந்த அளவு ஆங்கிலம் வந்துவிட்டது.

"மிசியே நார்மன், எந்தத் தூணைப் பத்திப் பேசறாங்க?"

சொன்னேன். கூஜாவை மேசையில் வைத்தார்.

"அது என்னோட தூணு. இங்க மேல பாருங்க, இந்த உத்தரம் தடுப்புக்குள்ள போகுதுல்ல? அது அந்தப் பக்கம் போயி அந்தத் தூண் தலையிலதான் உக்காந்திருக்கு. தூணை எடுத்தா என் மாடி கீழ வந்துரும். சொல்லுங்க அவங்ககிட்ட. ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க."

ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

"நூறு வருஷமா விழாதது இப்பவா விழப்போகுது?" என்றான் கோலின்.

"நூறு வருஷமா தூண் இருந்துச்சே" என்றான் ட்ரெவர். சங்கத்தில் மின்ரம்பம் வைத்திருப்பவன் அவன் ஒருவன்தான். அதனால் அவன் பேச்சுக்கு எடை உண்டு.

"அதைத்தான் நானும் சொல்றேன். நூறு வருஷமா தாங்கித் தாங்கி மாடிக்கு இப்ப பழகியிருக்கும்."

இந்த வாதத்தில் ட்ரெவர் அடங்கிவிட்டான். ஹிலரி ஒடிலின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பழைய சாமான் மேல உங்களுக்கு இவ்வளவு பாசமா. எங்க ஊர்ல இதெல்லாம் செத்துப்போச்சு" என்றாள். ஒடில் கையை உருவிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

கோலினும் என்னைத்தான் பார்த்தான். "நார்மன், நீதானப்பா இதுல கரை கண்டவன். நீ என்ன சொல்ற?"

நிமிர்ந்து பார்த்தேன். ஒரு பார்வை போதும். சுவருக்குள் நுழையும் உத்தரம், அப்பால் ஒற்றைத் தூண், நடுவில் உள்ளங்கை அகலக் களிமண் தடுப்பு, மேலே ஒடிலின் இரும்பு அடுப்பும் குளியல் தொட்டியும். என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று, சிவப்புப் பேனாவைத் தேடி. கிடைத்தது பேனா அல்ல, ஒரு துண்டுச் சீட்டு. என் வீட்டுக் கணப்படுப்புக்கு மேல் பொருத்த ஒரு பழைய ஓக் கட்டை வேண்டும் என்று நானே அளவெடுத்து எழுதிவைத்தது. நீளம் ஒன்றே முக்கால் மீட்டர். தூணின் மேல்பாதி அளவெடுத்துத் தைத்தாற்போல் பொருந்தும்.

"நான் ஓய்வு பெத்தவன், கோலின்" என்றேன். "அபிப்பிராயம் சொல்ற அதிகாரம் எனக்கு இப்ப இல்ல."

என் அடக்கத்தைச் சபை கைதட்டி வரவேற்றது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. தூணிலிருந்து கிடைக்கும் மரம் செயலாளரின் தன்னலமற்ற சேவையைப் பாராட்டி அவருக்கே வழங்கப்படும் என்று ஒரு துணைத் தீர்மானமும் வந்தது. எனக்கு நேரடி நலன் இருந்ததால் நான் வாக்களிக்கவில்லை. எங்கள் நேர்மை அப்படி. ஒடில் உறுப்பினர் அல்லர் என்பதால் அவர் சொன்னது கணக்கில் வராது. குறிப்பேட்டில் 'ஆட்சேபம் இல்லை' என்று எழுதினேன்.

ஆனால் அந்த அம்மாள் சும்மா இருக்கவில்லை. மறுநாளே மேயரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மேயர் ரிவோ மாடு வளர்ப்பவர். ரப்பர் பூட்ஸோடு உள்ளே வந்து தூணைத் தட்டிப் பார்த்தார், தடுப்பை முட்டியால் இடித்துப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். மாட்டுக்கு நோவு கண்டவர்போல் முகம் மாறிவிட்டது.

"லிமோஜ் டவுன்லேர்ந்து கட்டட இஞ்சினியர் வருவாரு. மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் இது மேல ஈக்கூட உக்காரக் கூடாது."

"மூணு வாரமா?" என்றான் கோலின், என் மூலமாக. "தீவுக்குக் கருங்கல் பலகை செவ்வாக்கிழமை வருது. உல்வர்ஹாம்ப்டன்லேர்ந்து."

"கல்லுதானே மிசியே. கல்லு காத்திருக்கும்."

"கல்லு காத்திருக்கும். வேன்காரன் காத்திருக்க மாட்டான்."

மேயர் என் பக்கம் திரும்பி, "இவரு என்ன சொல்றாரு?" என்று கேட்டார். அப்படியே மொழிபெயர்த்தேன். மேயர் ஒரு காகிதத்தில் 'தொடக் கூடாது' என்று பெரிதாக எழுதி, முத்திரை குத்தி, தூணிலேயே ஆணியடித்து மாட்டிவிட்டுப் போனார். அரசு முத்திரை கண்டதும் எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. எத்தனை ஆயிரம் குத்தியிருப்பேன். ஹிலரி அந்தக் காகிதத்தைப் பத்திரமாகக் கழற்றிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். அசல் மேயரின் அசல் கையெழுத்து.

செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்கு வேலை ஆரம்பித்தது. அந்த நேரத்தைக் குறித்துக்கொடுத்தவன் நான்தான். பிரெஞ்சுக்காரர்கள் சாப்பிடும்போது ஊரில் நடமாட்டம் இருக்காது, யாருக்கும் தொந்தரவு இல்லை. கடைக்குள் நாலு சாலைப் பணியாளர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம். மேற்பார்வைப் பொறுப்பு என்னுடையது. மேற்பார்வை என்றால் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பது. தெருவைத் தாண்டி, எதிர்ச் சாரியில், தேவாலயக் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் நின்றுகொண்டேன். முப்பத்தோரு ஆண்டுப் பழக்கத்தில் கால்கள் தாமாகத் தேர்ந்தெடுத்த தூரம் அது.

ரம்பம் உறுமியதும் கடைக் கதவு திறந்தது. கையில் கரண்டியோடு ஒடில் ஓடிவந்து கோலின் வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே தாழ். ஜன்னலுக்கு ஓடினார்.

"நிறுத்துங்க. உள்ள ஆளுங்க சாப்பிட்டுக்கிட்டிருக்காங்க. நிறுத்துங்க."

கோலின் கண்ணாடி வழியாகப் பத்து விரலைக் காட்டினான். பத்து நிமிஷம் பொறுங்கள் என்று அர்த்தம். ஒடில் திரும்பியபோது எதிர்ச் சாரியில் நின்ற என்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், எனக்கும் தன் கடைக்கும் நடுவில் இருந்த தெருவைப் பார்த்தார். பிறகு கடைக்குள் ஓடி, நாலு பணியாளர்களையும் தட்டோடு வெளியே இழுத்துக்கொண்டு வந்தார். அவர்கள் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிட்டார்கள்.

தூண் விழுந்தது. ஒன்றும் ஆகவில்லை. கோலின் முகமெல்லாம் மரத்தூளோடு வெளியே வந்து, "பாத்தீங்களா, ஒண்ணும் ஆகல" என்று ஊருக்கே சொன்னான். ஹிலரி எலுமிச்சைக் கேக் ஒரு துண்டு வெட்டி ஒடிலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. பாவம், இனிப்பு ஆகாதோ என்னவோ என்று நினைத்துக்கொண்டோம்.

அடுத்த வியாழன் கூட்டத்தில் ஒரு சிறு மாற்றம் தெரிந்தது. மேசையில் வைத்த ரொட்டி உருண்டு கோலின் மடியில் விழுந்தது. எடுத்து வைத்தோம். மறுபடியும் அவன் மடியிலேயே விழுந்தது.

"தரை சாஞ்சிருக்கா?" என்றான் ட்ரெவர்.

"தரை அப்படியேதான் இருக்கு. மேசைதான் பழசு" என்றான் கோலின்.

"அப்ப உத்தரம்? அது நேத்து இந்த அலமாரிக்கு மேல இருந்துச்சு. இப்ப அலமாரியைத் தொட்டுக்கிட்டிருக்கு."

"அலமாரி வளர்ந்திருக்கும். மரம்தானே."

கழிவறைக் கதவு மூடவில்லை. மூடியிருந்த ஜன்னல் திறக்கவில்லை. ஹிலரிக்கு எல்லாம் பிடித்திருந்தது. நேர்கோடாக இருப்பதெல்லாம் எந்திரத்தனம், கொஞ்சம் கோணலாக இருந்தால்தான் உயிர் இருக்கும் என்றாள். கூட்டம் கலைந்ததும் ஒடில் என்னை மட்டும் வாசலில் நிறுத்தினார்.

"மிசியே நார்மன், நீங்க அங்க ஏதோ கட்டட ஆபீஸ்ல இருந்தீங்கன்னு கோலின் சொன்னாரு. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மாடியில நான் படுக்கலாமா, வேணாமா?"

சிக்கலான கேள்வி. 'வேண்டாம்' என்று சொன்னால் அது தொழில்முறைக் கருத்து ஆகிவிடும். ஏன் முன்பே சொல்லவில்லை என்ற கேள்வி அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வரும்.

"வானிலை நல்லா இருக்கே மேடம்" என்றேன். "இந்த மாசம் தோட்டத்துப் பக்கம் படுக்கறது உடம்புக்கு நல்லது."

அன்றைக்கே படுக்கையைக் கோழிக் கூண்டுக்குப் பக்கத்தில் இருந்த கொட்டகைக்கு மாற்றிவிட்டார். இதில் எனக்கு ஒரு மனநிறைவு. ஒரு விதியையும் மீறாமல் ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன். சங்கம் இதற்காக என்னைப் பாராட்டியிருக்கலாம். பாராட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

சனிக்கிழமை பகல் மூன்று மணிக்கு மாடி கீழே வந்தது. ஒடில் பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். கடையில் யாரும் இல்லை. இரும்பு அடுப்பு காஃபி எந்திரத்தின் மேலும், குளியல் தொட்டி ரொட்டி அலமாரியின் மேலும் விழுந்தன. கோலின் வீட்டுப் பக்கம் ஒரு தேநீர்க் கோப்பை உடைந்தது. தீவுக்கு ஒரு கீறல் இல்லை. கருங்கல் என்றால் சும்மாவா.

மேயர் வந்து சிவப்பு நாடா கட்டினார். கடைக்குள் யாரும் நுழையக் கூடாது, கட்டடம் இடிக்கப்படும் என்று உத்தரவு ஒட்டினார். அந்தக் கடையில்தான் அவருக்குக் கல்யாண விருந்து நடந்ததாம். கோலினை ஏதோ சொன்னார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. தனக்கு நல்வாழ்த்துச் சொன்னதாகவே கோலின் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

அடுத்த வாரக் கூட்டம் கோலின் வீட்டுத் தீவைச் சுற்றி நடந்தது. ஆறு பேர் உட்கார்ந்தோம், ஐந்து பேர் நின்றோம். சங்கம் எழுந்து நின்று ஓர் இரங்கல் தீர்மானம் நிறைவேற்றியது. 'கிராமப்புற பிரான்சின் காஃபிக் கடைகள் ஒவ்வொன்றாக மறைந்துவருவது குறித்து இச்சபை ஆழ்ந்த வேதனை அடைகிறது.' இனி ரொட்டிக்குப் பதினாலு கிலோமீட்டர் காரில் போக வேண்டும். ஹிலரி அழுதே விட்டாள். "இந்த ஊர்க்காரங்களுக்கே இதோட அருமை தெரியல" என்றாள்.

மறுநாள் ஒடில் என் வீட்டுக்கு வந்தார். எட்டு வருஷத்தில் முதல்முறை. கையில் ஒரு பெட்டி. லிமோஜில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை கிடைத்திருக்கிறதாம். தங்கை வீட்டில் தங்கப்போகிறாராம். தேநீர் தருகிறேன் என்றேன். வெந்நீர் மட்டும் போதும் என்றார். அவருக்கு இவ்வளவு நகைச்சுவை உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது.

உட்காரவில்லை. கணப்படுப்புக்கு மேலே பார்த்தார். மெருகேற்றிய ஓக் கட்டை, பித்தளைத் தகட்டில் என் பெயர். கையை வைத்துத் தடவினார். மேயரின் ஆணி போன ஓட்டையில் விரல் நின்றது. அதற்கும் மேலே என் பணி ஓய்வுச் சான்றிதழ் மாட்டியிருந்தது, மாவட்ட முத்திரையோடு.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "முப்பத்தோரு வருஷம் மேடம். நான் பாத்துக்கிட்ட பகுதியில ஒரு கூரை விழுந்ததில்ல. ஒண்ணுகூட."

"அங்க யாராவது இந்த மாதிரி ஒரு தூணை எடுக்கணும்னு உங்ககிட்ட வந்திருந்தா?"

"வாசப்படி தாண்ட விட்டிருக்க மாட்டேன். பாத்த நிமிஷமே சிவப்பு மை."

"இங்கயும் பாத்தீங்களே."

"பாத்தேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

நான் எப்போதும் உண்மையைச் சொல்பவன்.

"அங்க வீட்டுக்குள்ள மனுஷங்க குடியிருக்காங்களே, மேடம்."

அவர் கோப்பையைக் கட்டையின் மேல் வைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். 'ஆட்சேபம் இல்லை' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.